சாட்சியின் பங்கு

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து இரண்டு பொருள்கள் கடைக்கு வந்தன. ஒன்று இசைத்தட்டு, 1970 செப்டம்பரில் வெளியானது. மற்றது 'கிம்மி ஷெல்டர்' என்ற படம், 1970 டிசம்பர் 6-ம் தேதி நியூயார்க்கில் திரைக்கு வந்தது. இசைத்தட்டில் இருப்பது பெரும்பாலும் நவம்பர் 27, 28 தேதிகளில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தது. படத்திலும் அதே அரங்கு வருகிறது, அதே பாட்டுகள் வருகின்றன. ஆனால் படம் போய்ச் சேருகிற இடம் வேறு: கலிஃபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்ற கார் பந்தய மைதானத்தில் 1969 டிசம்பர் 6-ம் தேதி நடந்த இலவசக் கச்சேரி. அங்கே மேடைக்கு முன்னால் மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞன் கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோனான். சரியாக ஒரு வருஷம் கழித்து, அவன் இறந்த அதே தேதியில், படம் வெளியாயிற்று. இந்தத் தேதிப் பொருத்தம் அஞ்சலியாகவும் இருக்கலாம், விளம்பரமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியாமலிருப்பதுதான் இந்தப் படத்தின் பிரச்னை முழுவதும்.

ஆல்டமாண்ட் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதை ஒரு யுகத்தின் முடிவாகப் பார்க்கிறது. ஆகஸ்டில் உட்ஸ்டாக், டிசம்பரில் ஆல்டமாண்ட். நாலு மாதத்தில் ஒரு தலைமுறையின் கனவு பிறந்து செத்தது என்கிற கதை. எனக்கு இந்த மாதிரி யுக முடிவுகளில் நம்பிக்கை இல்லை. யுகம் என்று பேச ஆரம்பித்த உடனேயே எவரும் எதற்கும் பொறுப்பாளி அல்ல என்றாகிவிடுகிறது. நான் கேட்க விரும்புவது இதைவிடச் சிறிய, கொஞ்சம் கொச்சையான கேள்வி: இலவசக் கச்சேரிக்கு யார் பணம் கொடுத்தது? தினமும் பத்து மணிக்கு உட்கார்ந்து பற்று வரவு எழுதுகிறவன் நான். ஒரு பக்கம் மட்டும் நிற்கிற பதிவு கணக்கில் கிடையாது என்பது என் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தத்துவம். இலவசம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

*

1969 ஜூலை 5-ம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்டோன்ஸ் ஒரு இலவசக் கச்சேரி நடத்தினார்கள். இரண்டு நாள் முன்புதான் அவர்களது பழைய கிடாரிஸ்ட் பிரையன் ஜோன்ஸ் இறந்திருந்தார். லட்சக்கணக்கில் ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ஆனால் கிரனாடா டெலிவிஷன் அங்கே காமிராக்களோடு இருந்தது; படமாக்கி ஒளிபரப்பியது. அடுத்த மாதம் உட்ஸ்டாக். அங்கே இலவசம் என்பது கொள்கையாக இருக்கவில்லை. வேலியும் வாயிலும் தயாராவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டதால் இலவசம் ஆயிற்று. அமைப்பாளர்கள் பெருங்கடனில் மூழ்கினார்கள். அந்த மூன்று நாளையும் மைக்கேல் வாட்லி படமாக எடுத்தார், வார்னர் பிரதர்ஸ் 1970 மார்ச்சில் அதை வெளியிட்டது, பெரிய வசூல், சிறந்த டாகுமெண்டரிக்கான ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. வாயிலில் வராத பணம் தியேட்டரில் வந்தது.

ஆக, 1969-ல் ஒரு புதுவிதமான பொருளாதாரம் உருவாகிக்கொண்டிருந்தது. கச்சேரிக்கு வருகிறவன் இனிமேல் வாடிக்கையாளன் மட்டுமல்ல. படத்தின் ஒரு பகுதி. அவன் முகம், அவன் ஆட்டம், அவன் நிர்வாணம், மழையில் நனைந்த அவன் போர்வை எல்லாம் திரையில் தேவைப்படுகின்றன. கூட்டம் இல்லாத ராக் படத்தை யார் பார்ப்பார்கள்? இந்த அர்த்தத்தில் இலவசமாக உள்ளே விடப்பட்டவன் கூலி வாங்காத துணை நடிகன். உள்ளே விட்டதுதான் அவனுக்குக் கொடுத்த கூலி.

அமெரிக்கப் பயணத்தில் ஸ்டோன்ஸ் மேல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது: டிக்கெட் விலை அதிகம். 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' பத்திரிகையில் ரால்ஃப் கிளீசன் இதைக் கடுமையாக எழுதினார். பயணத்தின் முடிவில் மேற்குக் கடற்கரையில் ஒரு இலவசக் கச்சேரி என்ற யோசனை இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் போலவும் அமைந்தது. மிக் ஜாகர் நியூயார்க்கில் நிருபர்களிடம் இதை அறிவிப்பது படத்தில் இருக்கிறது. பெருங்கூட்டத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு மற்ற அமெரிக்காவுக்கு ஒரு உதாரணமாக இருக்கும் என்கிற ரீதியில் பேசுகிறார். அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அப்போது எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள்.

*

படத்தை எடுத்தவர்கள் ஆல்பர்ட் மேய்ஸில்ஸ், டேவிட் மேய்ஸில்ஸ் என்ற சகோதரர்கள். இவர்களோடு சம அந்தஸ்தில் பெயர் போடப்பட்டவர் எடிட்டர் ஷார்லட் ஸ்வெரின். ஆல்பர்ட் முன்பு மனோதத்துவ ஆசிரியர். ராபர்ட் ட்ரூ 1960-ல் தயாரித்த 'பிரைமரி' படத்தின் காமிராக்காரர்களில் ஒருவர். கென்னடியும் ஹம்ஃப்ரியும் விஸ்கான்சினில் ஓட்டுக் கேட்டு அலைவதைத் தோளில் வைத்த காமிராவோடு பின்தொடர்ந்த படம் அது. பின்னணிக் குரல் அநேகமாகக் கிடையாது, பேட்டி கிடையாது, நடிப்பு கிடையாது. கையோடு எடுத்துச் செல்லக்கூடிய 16 மி.மீ. காமிரா, அதோடு இசைந்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவி, பொறுமை. இதற்கு டைரக்ட் சினிமா என்று பெயர் வைத்தார்கள். நிகழ்வில் தலையிடாதே என்பது அதன் முதல் விதி.

இந்தச் சகோதரர்கள் 1964-ல் பீட்டில்ஸின் அமெரிக்க வருகையைப் படமெடுத்தார்கள். ஸ்வெரினோடு சேர்ந்து எடுத்த 'சேல்ஸ்மேன்', வீடு வீடாகப் போய் பைபிள் விற்கும் நாலு பேரைப் பற்றியது. புனித நூலைத் தவணை முறையில் ஏழைகளின் தலையில் கட்டுகிறவர்களின் களைப்பை இவ்வளவு பரிவோடும் இவ்வளவு இரக்கமில்லாமலும் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விற்பனை என்றால் என்னவென்று தெரியாத அப்பாவிகள் அல்ல இவர்கள். விற்கிறவன் முகத்தை அருகில் பார்த்தவர்கள்.

*

ஆல்டமாண்டுக்குக் கச்சேரி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் நினைத்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பார்க், அது கிடைக்கவில்லை. பிறகு சியர்ஸ் பாயிண்ட் என்ற கார் பந்தயத் தளம் முடிவாயிற்று; மேடை வேலையும் அங்கே ஆரம்பித்துவிட்டது. அந்தத் தளம் ஃபிலிம்வேஸ் என்கிற கம்பெனிக்குச் சொந்தம். பெருந்தொகையை முன்பணமாகவும், எடுக்கப்படும் படத்தின் விநியோக உரிமையையும் அது கேட்டது. பேரம் முறிந்தது. கச்சேரிக்கு இரண்டே நாள் இருக்கும்போது டிக் கார்ட்டர் என்பவர் தமது ஆல்டமாண்ட் மைதானத்தைத் தர முன்வந்தார். மெல்வின் பெல்லை என்ற பிரபல வக்கீலின் அறையில் தொலைபேசியில் இது பேசி முடிக்கப்படுவதைப் படத்தில் பார்க்கலாம். வக்கீல் உற்சாகமாக இருக்கிறார். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள்.

இனி நடந்தது ஒரு தச்சனுக்குப் புரியக்கூடிய விஷயம். சியர்ஸ் பாயிண்டில் மேடை ஒரு மேட்டின் தலையில் நிற்பதாக இருந்தது. கூட்டம் கீழே, முண்டியடித்து வருகிறவன் மேட்டில் ஏற வேண்டும், பூமியே மேடைக்குக் காவல். ஆகவே மேடை ஒரு மீட்டர் உயரம் இருந்தால் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த மேடையைத்தான் பெயர்த்துக்கொண்டுவந்து ஆல்டமாண்டில் நிறுத்தினார்கள். அங்கே அது நின்றது சரிவின் அடியில். ஏறக்குறைய மூன்று லட்சம் பேரின் பாரம் சரிவிலிருந்து கீழ்நோக்கி, இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகையின் மேல் வந்து இறங்கியது. வேறு மேடை கட்ட நேரமில்லை. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே மனிதச் சுவர் வேண்டியிருந்தது. அந்தச் சுவராக நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். 500 டாலருக்கு பீர் என்பது அவர்களுக்குப் பேசிய கூலியாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது காவல் கூலியா, வெறும் உபசாரமா என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். ஹைட் பார்க்கிலும் அந்தப் பெயரில் இங்கிலாந்து இளைஞர்கள் காவல் நின்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் வேஷம். கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் அசல்.

படத்தின் உரிமைக்காக இடம் மாறியது. இடம் மாறியதால் மேடை தாழ்ந்தது. மேடை தாழ்ந்ததால் சுவர் தேவைப்பட்டது. சுவர் பில்லியர்ட்ஸ் கோல்களோடு வந்தது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மட்டுமே கொலைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேராசை, அவசரம், போதை, கறுப்பர் மேலுள்ள வெறுப்பு எல்லாம் மற்றக் கண்ணிகள். ஆனால் முதல் கண்ணி இருக்கிறது. அதைப் படம் எங்கேயும் நின்று சொல்வதில்லை.

*

படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். சுற்றுப்பயணப் படம் என்றால் புறப்படுவதில் ஆரம்பித்து முடிவதில் முடியும். ஸ்வெரின் அப்படிச் செய்யவில்லை. எடுத்த ஃபிலிமை எடிட்டிங் மேஜையில் ஓட்டி ஸ்டோன்ஸைப் பார்க்கச் சொல்லி, அவர்கள் பார்ப்பதையும் படமெடுத்தார்கள். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மறுநாள் வானொலியில் ஒலிபரப்பான பேச்சுகள் வழியாகக் கொலை நடந்த செய்தி நமக்குத் தெரிந்துவிடுகிறது. டிரம்மர் சார்லி வாட்ஸ் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதே வாட்ஸ், ஒரு கழுதையோடு சேர்ந்து இசைத்தட்டின் உறைக்காகப் புகைப்படத்துக்கு நிற்பதும் படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. ஒரு சரக்கின் வயிற்றுக்குள் இன்னொரு சரக்கு.

இதன் விளைவு பயங்கரமானது. மாடிசன் ஸ்கொயர் கார்டன் பாட்டுகள், டீனா டர்னர், அலபாமாவில் ஒரு ஸ்டூடியோவில் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்டு மயங்கும் முகங்கள் எதையும் நாம் அதனதற்காகப் பார்க்க முடிவதில்லை. ஒரு சாவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டு நன்றாக இருக்கிறது; இருந்தாலும் எப்போது வரும் என்று மனம் கேட்கிறது. நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன். ஒவ்வொரு முறையும் ஆல்டமாண்ட் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இசை அல்ல.

ஆல்டமாண்ட் பகுதியில் எடிட்டிங் அநேகமாகக் குறையில்லாதது. ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய ஜாகர் முகத்தில் ஒருவன் குத்துகிறான். ஜெஃபர்ஸன் ஏர்ப்ளேன் பாடகர் மார்ட்டி பாலின் அடிபட்டு விழுகிறார். பகல் போய் இருட்டுகிறது. ஜாகர் பாட்டை நிறுத்தி, கூட்டத்திடம் சண்டை வேண்டாமென்று கெஞ்சுகிறார். சற்று முன்வரை சாத்தானாக வேஷம் கட்டிப் பாடியவர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. கொலை நடந்தது அந்தச் சாத்தான் பாட்டின்போது என்று நெடுநாள் பேசப்பட்டது. உண்மையில் 'அண்டர் மை தம்ப்' என்ற பாட்டின்போது. ஜனங்களுக்கு முன்னதுதான் பொருத்தமாகப் பட்டது. நிஜத்துக்குக் கவித்துவ நியாயம் பற்றி அக்கறை இல்லை.

பிறகு எடிட்டிங் மேஜை. டேவிட் ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டி, நிறுத்தி, காட்டுகிறார். ஹண்டரோடு வந்த பெண்ணின் வெளிறிய குரோஷா உடையின் மேல் ஒரு கணம் கறுப்பாக ரிவால்வரின் உருவம். மேலிருந்து இறங்கும் கத்தி. ஜாகர் பார்க்கிறார். ஏதோ சொல்கிறார், அதில் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் யார் என்ன சொன்னாலும் ஒன்றுமில்லாமல்தான் இருக்கும். எழுந்து போகிறவரின் முகம் திரையில் உறைகிறது.

*

பாலின் கேல் 1970 டிசம்பரில் 'நியூயார்க்கர்' இதழில் இந்தப் படத்தைக் கடுமையாகத் தாக்கினார். அவருடைய வாதத்தின் சாரம்: படமெடுப்பதற்காகவே ஏற்பாடான ஒரு நிகழ்ச்சியைப் படமெடுத்துவிட்டு, தற்செயலாக அங்கே இருந்தவர்கள் போல நடந்துகொள்ளலாமா? மேய்ஸில்ஸ் சகோதரர்களும் ஸ்வெரினும் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். அந்த இதழ் அதை வெளியிடவில்லை. சிறுபத்திரிகையாக இருந்திருந்தால் அடுத்த மூன்று இதழ்களுக்கு அதுவே விஷயமாக இருந்திருக்கும்.

விவரங்களில் கேல் எல்லை மீறினார் என்பதுதான் என் அபிப்பிராயம். கச்சேரியை ஏற்பாடு செய்தவர்கள் மேய்ஸில்ஸ் அல்ல. கூட்டத்தையோ ஏஞ்சல்ஸையோ அவர்கள் நடிக்க வைக்கவுமில்லை. ஆனால் கேல் எழுப்பிய கேள்வி அந்த விவரங்களோடு விழுந்துவிடுவதில்லை. பார்க்கிறவன் தலையிடுவதில்லை என்பது டைரக்ட் சினிமாவின் தர்மம். ஆல்டமாண்டில் காமிராவின் பின்னால் இருந்தவர்கள் அந்த தர்மத்தைக் காத்தார்கள். ஆனால் காமிராவின் பெயரில் எழுதப்படவிருந்த ஒப்பந்தம் ஏற்கனவே தலையிட்டுவிட்டது. கண் தலையிடவில்லை, சந்தை தலையிட்டது. மேஜையைச் சுற்றி ஸ்டோன்ஸை உட்கார வைத்து, நீங்கள் செய்ததைப் பாருங்கள் என்று காட்டுகிற படம், அதே மேஜையில் அந்த ஒப்பந்தத்தையும் விரித்து வைத்திருந்தால் சினிமா சரித்திரத்தில் அதற்கு இணை இருந்திருக்காது. வைக்கவில்லை. சுயவிசாரணை முக்கால் தூரம் வந்து நின்றுவிடுகிறது.

முக்கால் தூரம் என்பது சாதாரணமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உட்ஸ்டாக் படம் அரை அடிகூட அந்தத் திசையில் எடுத்து வைக்கவில்லை.

சாட்சி என்ற சொல்லுக்கு இங்கே நேர்ப்பொருளும் உண்டு. கொலை வழக்கில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர் ஆலன் பஸ்ஸாரோ விசாரிக்கப்பட்டபோது, பேயர்ட் பிரையண்ட் என்ற காமிராக்காரர் எடுத்த அந்தச் சில வினாடிகளை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். ஹண்டர் கையில் துப்பாக்கி தெரிந்தது. தற்காப்பு என்று ஏற்று 1971 ஜனவரியில் பஸ்ஸாரோவை விடுவித்தார்கள். இரண்டாவது ஒருவன் குத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் நீடித்தது. 2005-ல் போலீஸ் அதையும் மறுத்து வழக்கை மூடியது. யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாமல் பார்க்க மட்டும் செய்த ஃபிலிம் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்புக்குத் துணையாயிற்று. படம் கைத்துப்பாக்கியைக் காட்டியது. அந்த இளைஞன் அதை உருவ நேர்ந்ததற்கு முந்திய நிமிஷங்கள் அதில் இல்லை. அங்கே காமிரா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஃபிலிம் பொய் சொல்வதில்லை என்கிறோம். எங்கே ஆரம்பிப்பது என்பதை ஃபிலிம் தானாகத் தீர்மானிப்பதில்லை.

*

ஆல்டமாண்டிலிருந்து ராக் வியாபாரம் கற்றுக்கொண்ட பாடம் தெளிவானது. 1972 பயணத்தை ஸ்டோன்ஸ் இரண்டாகப் பிரித்தார்கள். மேடைக்குப் பின்னால் நடந்தவற்றை ராபர்ட் ஃபிராங்க் எடுத்தார். அந்தப் படத்தை அவர்கள் வெளியிட விடவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், இயக்குநர் உடனிருந்தால் மட்டும் எப்போதாவது திரையிடலாம் என்ற நிலை உண்டாயிற்று. மேடையில் பாடியது மட்டும் தனிப் படமாக 1974-ல் தியேட்டர்களுக்கு வந்தது. கச்சேரி ஒரு டப்பாவில், வாழ்க்கை பூட்டிய பெட்டியில். 1976-ல் 'தி பேண்ட்' குழுவின் பிரிவுக் கச்சேரியை மார்ட்டின் ஸ்கார்செஸி 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்று 35 மி.மீ.யில் எடுத்தபோது பாட்டுக்குப் பாட்டு காமிரா அசைவு முன்னமே எழுதப்பட்டிருந்தது. ஆபரா மேடையின் அலங்காரங்கள் இரவல் வாங்கப்பட்டன. கூட்டம் இருட்டில் இருந்தது. அழகான படம். அதில் எதிர்பாராதது எதுவும் நடக்க வழியில்லை. கேல் சந்தேகித்தது அங்கே ஒளிவுமறைவில்லாத நடைமுறையாகிவிட்டது, யாரும் கோபப்படவில்லை.

'கிம்மி ஷெல்டர்' இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில், கதவு மூடப்படுவதற்குச் சற்று முன்னால் எடுக்கப்பட்ட படம். அதனால்தான் அதன் குறைகளையும் நம்மால் பார்க்க முடிகிறது.

அதில் மிகப் பெரிய குறை ஹண்டர். பச்சை சூட் அணிந்த ஒரு உயரமான இளைஞன், சில வினாடிகள், பிறகு ஸ்ட்ரெச்சர். அவன் பெர்க்லியிலிருந்து வந்தான் என்பதோ, வெள்ளைக்காரக் கூட்டத்தின் முன்வரிசையில் வெள்ளைக்காரப் பெண்ணோடு நின்ற கறுப்பன் என்பதற்கு அந்த மாலையில் என்ன அர்த்தம் இருந்தது என்பதோ படத்துக்கு அக்கறையாக இல்லை. அன்று இறந்தவர்கள் நாலு பேர். இருவர் மேல் கார் ஏறியது, ஒருவர் கால்வாயில் மூழ்கினார். காமிரா இல்லாத இடத்தில் இறந்ததால் இந்த மூவரும் சரித்திரத்தில் ஒரு எண்.

2006-ல் சாம் கிரீன் என்பவர் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுத்தார். ஹண்டர் புதைக்கப்பட்ட மனையின் எண்ணும் குழியின் எழுத்தும்தான் அதன் தலைப்பு. கலிஃபோர்னியாவில் வல்லேஹோ என்ற ஊரின் மயானத்தில் புல்தரை. பெயரில்லை, கல் இல்லை. 37 வருஷமாக உலகம் முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்பட்ட சாவுக்கு ஒரு கல் இல்லை. கிரீனின் படத்தைப் பார்த்த சிலர் மயானத்துக்குப் பணம் அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல் வைக்கப்பட்டது. இந்தக் கணக்கு முழுவதிலும் நான் பார்த்த வரையில், பதிலுக்கு எதுவும் கேட்காமல் கொடுக்கப்பட்ட பணம் அது ஒன்றுதான்.